ஃப்ரீசருக்குள்ள ஒரு சிவப்புப் புழு: மீன் தீனி உறைஞ்ச கதை

இன்னைக்கு எபிசோடு ஒரு ஐஸ் கட்டியைப் பற்றினது.

கலர் மீன் கடைக்குப் போய்ப் பழகினவங்களுக்குத் தெரியும். தொட்டி வரிசை முடியிற ஓரத்துல சின்னதா ஒரு ஃப்ரீசர் இருக்கும். திறந்தா, மாத்திரை அட்டை மாதிரி அட்டைகள். ஒவ்வொரு குழியிலயும் கருஞ்சிவப்பா ஒரு கட்டி, அதுக்குள்ள நெருக்கமா புழுக்கள். பேரு ஃப்ரோசன் பிளட்வேர்ம். பக்கத்துலயே வெளிறின ஆரஞ்சு நிறத்துல இன்னொரு அட்டை. அது பிரைன் ஷ்ரிம்ப், உப்புத் தண்ணியில வாழ்ற ஒரு பொடி இறால்.

உசிலம்பட்டியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: "அண்ணா, ஃப்ளவர்ஹார்ன் வளர்க்கிறேன். ஃப்ரோசன் தீனி மதுரையில வாங்கி பஸ்ல கொண்டு வர்றேன். எந்த பிராண்ட் நல்லது?"

தம்பி, பிராண்ட் பேரு சொல்லி இந்தக் கேள்வியை ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடலாம். ஆனா உங்க கேள்வியில என்னைப் பிடிச்சு நிறுத்தினது பிராண்ட் இல்ல, அந்த பஸ். மதுரையிலிருந்து உசிலம்பட்டி சுமார் 40 கிலோமீட்டர். நல்ல வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல. அந்தக் கட்டிக்கு வழியில என்ன நடக்குது? அதுக்கு முன்னாடி என்னெல்லாம் நடந்திருக்கும்? இதைத் தேடிப் போனப்போ கிடைச்ச கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். கதை முழுக்க ஒரே ஒரு விஷயத்தை மனசுல வச்சுக்கோங்க: ஃப்ரீசர் எதையும் நல்லதாக்காது. உள்ளே போனது எப்படி இருந்ததோ, அப்படியே நிறுத்தி வைக்கும். அதுவும் கரண்ட் இருக்கிற வரைக்கும்தான்.

ஐஸ் முதல்ல நமக்குத்தான் வந்தது

1833 மே மாதம், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் கல்கத்தாவுக்குக் கிளம்பியது. ஃப்ரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி அதில் ஏற்றி அனுப்பியது 180 டன் ஐஸ். குளிர்காலத்தில் குளங்களில் அறுத்தெடுத்த இயற்கை ஐஸ். பூமத்திய ரேகையை ரெண்டு முறை தாண்டி, நாலு மாதம் கழித்து செப்டம்பரில் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் உருகாமல் மிச்சம் இருந்தது. அப்போ ஃப்ரீசர் கிடையாது, கரண்ட் கிடையாது. மரத்தூளும் நெருக்கமான அடுக்கும்தான்.

அதே வியாபாரம் மதராசுக்கும் வந்தது. 1842-ல மெரினா கடற்கரையில் அந்த ஐஸைச் சேமிக்க ஒரு கட்டடம் எழுந்தது. திருவல்லிக்கேணிப் பக்கம் பஸ் கண்டக்டர் இன்னைக்கும் 'ஐஸ் ஹவுஸ்'னு சத்தம் போடுறாரே, அதேதான். இப்போ அது விவேகானந்தர் இல்லம். இந்த ஊருக்கு ஐஸ் முதல்ல வந்தது வெள்ளைக்காரங்களோட குடிபானத்துக்கும், காய்ச்சல்காரங்களுக்கு ஒத்தடம் கொடுக்கவும்தான். மீனுக்குத் தீனியா வரும்னு யாரும் கனவு கூட கண்டிருக்க மாட்டாங்க.

உணவை உறைய வைக்கிறதுல பெரிய திருப்பம் 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912-லிருந்து சில வருஷம் கனடாவின் லாப்ரடார் பகுதியில் இருந்தார். அங்கே இன்யூட் மக்கள் பனிக்குள்ளிருந்து மீனை வெளியே இழுத்த உடனே, அந்தக் கடுங்குளிர்ல அது சட்டுன்னு விறைச்சிடும். மாசக்கணக்கு கழிச்சு உருக்கினாலும் புது மீன் மாதிரியே இருக்கும். நம்ம ஊரு ஐஸ்ல கிடக்கிற மீன் ஏன் அப்படி இல்ல?

காரணம் வேகம். மெதுவா உறைஞ்சா, சதைக்குள்ள இருக்கிற தண்ணி பெரிய பெரிய ஐஸ் படிகமா மாறும். அது ஊசி மாதிரி செல்களைக் குத்திக் கிழிக்கும். உருகினதும் உள்ளே இருந்த சாறெல்லாம் வெளியே ஒழுகிடும். சட்டுன்னு உறைஞ்சா படிகம் பொடிசா இருக்கும், செல் கிழியிறது குறையும். பேர்ட்ஸ்ஐ இதை எந்திரமாக்கினார். 1930 மார்ச்சில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன.

இந்தியாவுக்கு இந்தத் தொழில் கடல் வழியா வந்து சேர்ந்தது. 1953-ல கொச்சியிலிருந்து உறைந்த இறால் முதல் முறையாக அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. அதுக்குப் பிறகு கொச்சியிலும் தூத்துக்குடியிலும் இறால் உறைய வைக்கிற ஆலைகள் பெருகின. நம்ம ஊர் இறால் உறைஞ்சு வெளிநாடு போச்சு. கொஞ்ச காலம் கழிச்சு வெளிநாட்டுப் புழு உறைஞ்சு நம்ம ஊருக்கு வந்தது.

அந்தப் படிக விஷயத்தை மறந்துடாதீங்க. கடையில அட்டையை எடுத்துப் பார்க்கும்போது அது வேணும்.

ஃப்ரீசருக்கு முன்னாடி: சாக்கடையும் சாணத் தொட்டியும்

ஃப்ரோசன் வர்றதுக்கு முன்னாடி நம்ம ஊர்ல மீன் வளர்த்தவங்க என்ன போட்டாங்க? கொசுப்புழு, மண்புழு, நறுக்கின இறால், அப்புறம் டியூபிஃபெக்ஸ்.

கொசுப்புழுவுக்கு ஒரு தனி வரலாறு இருக்கு. இன்னைக்கு முதல் தொட்டி வைக்கிற எல்லாரும் வாங்குற கப்பி மீன், அழகுக்காக இந்தியாவுக்கு வந்தது கிடையாது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலேரியா ஒழிக்க, கொசுப்புழுவைத் தின்னட்டும்னு கொண்டு வந்தாங்க. 1928-ல அதே வேலைக்கு கம்பூசியா மீனும் வந்தது. அதாவது தீனிக்குத் தகுந்த மீனை நாம தேடின காலம் அது. இப்போ மீனுக்குத் தகுந்த தீனியைத் தேடுறோம்.

டியூபிஃபெக்ஸ் வேற கதை. முடி மாதிரி மெலிசான சிவப்புப் புழு, கொத்துக் கொத்தா சேர்ந்து கிடக்கும். அது செழிச்சு வளர்ற இடம் கழிவுநீர் ஓடுற கால்வாய். கொல்கத்தாவில் அந்தக் கால்வாய்களில் இறங்கி, சேற்றை அள்ளி, அலசி, புழுவைப் பிரித்து விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். நம்ம தொட்டியில ஒரு டெட்ரா பளபளன்னு திரியிறதுக்காக, எங்கேயோ ஒருத்தர் சாக்கடையில நிக்கிறார். இந்த நெருடல் ஃப்ரோசன் அட்டையிலும் முழுசா போகலை. அட்டையில புழுவோட படம் இருக்கும், அதைப் பிடிச்ச கையோட படம் இருக்காது.

ஆக்சிஜன் குறைவான சேற்றிலயும் இந்தப் புழுக்கள் எப்படி வாழுது? நம்ம ரத்தத்துல இருக்கிற அதே ஹீமோகுளோபின்தான் அதுங்க உடம்புலயும் இருக்கு. பிளட்வேர்ம்கிறதும் நிஜத்துல புழு இல்ல, கைரோனோமிட் என்ற கடிக்காத கொசு மாதிரிப் பூச்சியோட குஞ்சுப் பருவம். அந்தச் சிவப்பும் ஹீமோகுளோபின் சிவப்புதான். அழுக்குல வாழத் தெரிஞ்ச உயிர் அழுக்கையும் உடம்புல சேர்த்துக்கும். ஈயம், காட்மியம் மாதிரியான உலோகங்கள் இந்தப் புழுக்களில் சேர்வதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உறைய வைச்சா ஈயம் எங்கேயும் போகாது.

1984-ல இன்னொரு ஆச்சரியம். அமெரிக்காவில் டிரவுட் மீன் குஞ்சுகள் வாலைத் துரத்திக்கிட்டே சுத்திச் சுத்தி சாகுற ஒரு நோய். பல வருஷமா அதோட கிருமி மீனுக்கு எப்படிப் போகுதுன்னு யாருக்கும் புரியலை. நோய்ப்பட்ட மீன்லேர்ந்து எடுத்த வித்துக்களை இன்னொரு மீனுக்குக் கொடுத்துப் பார்த்தா நோய் வரலை. வுல்ஃப், மார்க்கிவ் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க: அந்தக் கிருமி நடுவுல டியூபிஃபெக்ஸ் புழுவுக்குள்ள போய் உருமாறி, அதுக்கப்புறம்தான் மீனைத் தாக்குது. நம்ம வீட்டுத் தொட்டி மீனுக்கு அந்த நோய் வர்றதில்லை. ஆனா பாடம் பொதுவானது: தீனியா போடுற உயிர் ஒரு நோயோட பாலமா இருக்கலாம்.

இதுக்கு மாற்று வழி சென்னை கொளத்தூரில் இருக்கு. அலங்கார மீன் வளர்ப்புக்கும் வியாபாரத்துக்கும் தமிழ்நாட்டிலேயே பேர்போன இடம். அங்கே மட்டுமில்ல, மீன் குஞ்சு பொரிக்க வைக்கிற எல்லா ஊரிலும் பண்ணைக்காரங்க சிமெண்டுத் தொட்டியில தண்ணி விட்டு, சாணமும் கடலைப் புண்ணாக்கும் ஊற வச்சு, மொய்னா என்ற தண்ணிப் பூச்சியை வளர்ப்பாங்க. எங்கேயிருந்து வந்ததுன்னு தெரிஞ்ச தீனி அது.

உப்பளத்திலிருந்து வந்த இறால்

இப்போ அந்த ஆரஞ்சு அட்டைக்கு வருவோம்.

பிரைன் ஷ்ரிம்ப், அறிவியல் பெயர் ஆர்டீமியா. கடலைவிடப் பல மடங்கு உப்பான தண்ணியில வாழும். அந்த உப்புல மீன் வாழ முடியாது, அதனால இதைத் தின்ன மீன் வராது. வறட்சி வந்தா, உயிருள்ள குஞ்சுக்குப் பதிலா தடிச்ச ஓடு போட்ட கருமுட்டைகளை விடும். அது காய்ஞ்ச தூளா வருஷக்கணக்குல கிடக்கும். மறுபடி உப்புத் தண்ணி பட்டா ஒரு நாள், ஒன்றரை நாள்ல குஞ்சு பொரிச்சிடும்.

1933-ல சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன் காட்சியகத்தை நடத்திய ஆல்வின் சீல், இந்தக் குஞ்சுகள் மீன்களுக்கு நல்ல தீனியாகும்னு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். வெறும் ரெண்டு பக்கம். 1939-ல நார்வேயில் ரோலெஃப்சன் கடல்மீன் குஞ்சுகளை இதை வைத்தே வளர்த்துக் காட்டினார். அதுக்கப்புறம் சான் பிரான்சிஸ்கோ விரிகுடா உப்பளங்களும், யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் ஏரியும் உலகத்துக்கே மீன் தீனி அனுப்புற இடங்களாயின. முட்டை டப்பாவுல போச்சு. வளர்ந்த இறால் ஐஸ் கட்டியா போச்சு.

இது அமெரிக்காவின் சொத்து மட்டும்னு நினைச்சுடாதீங்க. தூத்துக்குடி உப்பளத்துல பாத்தி சில நேரம் செம்பழுப்பா நிறம் மாறிக் கிடக்கிறதைப் பார்த்திருப்பீங்க. அந்தத் தண்ணியிலயும் ஆர்டீமியா உண்டு. அங்கே இயற்கையா இருந்த இனத்துல ஆணே கிடையாது. பெண் மட்டுமே, தானாவே இனம் பெருக்கும். வேதாரண்யம் பக்கமும், ராஜஸ்தானின் சாம்பர் ஏரியிலும் இது பதிவாகியிருக்கு. ஆனா இறால் பண்ணைகளுக்காக வந்த அமெரிக்க இனம் இப்போ இந்திய உப்பளங்களிலும் பரவிடுச்சுன்னு 2012-ல ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். தீனிக்குன்னு கொண்டு வந்த உயிரும் ஊருக்குள்ள குடியேறிடுது.

1978-ல பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆர்டீமியாவுக்குன்னே ஒரு ஆய்வு மையம் தொடங்கியது. அந்தக் காலத்து ஆய்வுகள் சொன்ன முக்கியமான விஷயம்: எல்லா ஆர்டீமியாவும் ஒண்ணு இல்ல. எந்த ஊர் உப்பளம், அது என்ன பாசியைத் தின்னுச்சு, இதைப் பொறுத்து அதோட கொழுப்புச் சத்து மாறும். ஒரே பேரு, ஒரே நிறம், ஆனா ஒண்ணு குஞ்சை வளர்க்கும், இன்னொண்ணுல குஞ்சு செத்துப் போகும். இப்போ பாக்கெட்டுல 'சத்து ஏற்றியது'ன்னு எழுதியிருக்கே, ஆரம்பம் இங்கேதான். பிடிச்ச இறாலுக்கு நல்ல எண்ணெய்ச் சத்தைத் தின்னக் கொடுத்து, வயிறு நிறைஞ்சதும் உறைய வைப்பாங்க. இறால் இங்கே ஒரு மாத்திரைக் குப்பி மாதிரி.

உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி மதுரையிலிருந்து ஊருக்குத் தேனி ரோட்டில்தான் போகணும். நாகமலை புதுக்கோட்டை தாண்டினதும் பல்கலை நகர் வரும், அப்புறம் செக்கானூரணி, அப்புறம் உசிலம்பட்டி. அந்தப் பல்கலை நகர் ஸ்டாப்ல இருக்கிற மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில், மீன் தீனியை வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கிட்ட ஒரு பேராசிரியர் வேலை பார்த்தார். பேரு டி. ஜே. பாண்டியன். 1984-ல சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது வாங்கியவர்.

அவர் 1967-ல, அப்போதான் தொடங்கிய 'மரைன் பயாலஜி' இதழின் முதல் தொகுதியில், மெகலாப்ஸ் என்ற மீனை வைத்து ரெண்டு பகுதிக் கட்டுரை எழுதினார். முதல் பகுதி உணவின் தரம் பற்றி, ரெண்டாம் பகுதி உணவின் அளவு பற்றி. எனக்கு இந்த வரிசையே பிடிச்சிருக்கு. நாம எல்லாரும் முதல் கேள்வியோட நின்னுடுவோம்: எது நல்ல தீனி? அவர் ரெண்டாவதையும் கேட்டார்: எவ்வளவு?

இந்தத் துறையோட அடிப்படை ஒரு வரவு செலவுக் கணக்கு. மீன் தின்ற தீனியின் சக்தி நாலு இடத்துக்குப் போகும்: வளர்ச்சிக்கு, மூச்சுக்கும் நீச்சலுக்கும், மலத்துக்கு, சிறுநீர் வழிக் கழிவுக்கு. தின்றதெல்லாம் உடம்பாகாது. அளவுக்கு மேல போடப் போட, உடம்பாகிற பங்கு குறைஞ்சு, கழிவாகிற பங்கு கூடும். அந்தக் கழிவு காவிரியில கலக்காது, உங்க ரெண்டடித் தொட்டியிலேயே தங்கும். அம்மோனியாவா மாறும். மீன் தீனியால சாகுதுன்னா, பெரும்பாலும் கெட்ட தீனியால மட்டும் இல்ல, நல்ல தீனியை அதிகமா போட்டதாலயும்தான்.

1970-களில் அவரும் அவருடைய மாணவர்களும் விரால் மீனை வைத்துச் செய்த ஆய்வு இன்னும் சுவாரசியம். விரால் தண்ணிக்கு மேல வந்து காத்து குடிக்கும். தொட்டி ஆழமா இருந்தா, ஒவ்வொரு மூச்சுக்கும் அது நீந்துற தூரம் கூடும். தின்ற தீனி அந்த நீச்சலுக்கே செலவாகும், வளர்ச்சி குறையும். உங்க ஃபைட்டர் மீனும், கௌராமியும் இதே மாதிரி மேல வந்து மூச்சு விடுற மீன்கள்தான். தீனியைப் பற்றின கேள்வி தீனியோட முடியிறதில்ல, தொட்டியோட உயரம் வரைக்கும் போகுது.

இன்னொரு ஆய்வு நம்ம ஃப்ரீசருக்கே நேரா வருது. 2002-ல 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கோட்டீஸ்வரன் என்பவரோட சேர்ந்து அவர் எழுதினார். செத்த கெளுத்தி வகை மீனை உறைய வைத்துப் பாதுகாத்து, பின்னால அந்தப் பிணத்திலிருந்து உயிருள்ள விந்தணுக்களை எடுத்ததைப் பற்றிய கட்டுரை. அழிஞ்சு போற மீன் இனங்களைக் காப்பாத்த இது ஒரு வழி. நமக்கு இதில் வேற செய்தியும் இருக்கு. உறைஞ்சது எல்லாம் செத்ததுன்னு நாம நினைக்கிறோம். குளிர் எல்லாத்தையும் கொல்றதில்ல. சிலதைத் தூங்க வைக்குது.

தூங்கிக்கிட்டு வர்ற விருந்தாளிகள்

உறைய வைச்சா ஒட்டுண்ணிப் புழுக்கள் நிறைய சாகும், உண்மை. அந்த வகையில சாக்கடையிலிருந்து உயிரோட வர்ற புழுவைவிட ஃப்ரோசன் மேல். ஆனா பல பாக்டீரியாவும் வைரஸும் தாக்குப் பிடிக்கும்.

1994-95-ல இந்தியாவின் கிழக்குக் கடற்கரை இறால் பண்ணைகளை வெள்ளைப் புள்ளி வைரஸ் அழிச்சது. தமிழ்நாட்டுலயும் ஆந்திராவுலயும் கடன் வாங்கிக் குளம் வெட்டினவங்க நடுத்தெருவுக்கு வந்தாங்க. மனுஷனை ஒண்ணும் செய்யாத வைரஸ் அது. ஆனா உறைந்த இறாலுக்குள்ளயும் உயிர்ப்போட இருக்கும். 2016 கடைசியில ஆஸ்திரேலியாவின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் அதே நோய் வந்தது. எப்படி வந்ததுன்னு முடிவா நிரூபிக்க முடியலை. ஆனா கடைகளில் விற்ற இறக்குமதி இறாலில் அந்த வைரஸ் இருந்தது. அதைச் சிலர் தூண்டில் இரையா ஆற்றில் போட்டது ஒரு வழியா இருக்கலாம்னு சந்தேகம் எழுந்தது. 2017 ஜனவரியில் அந்த நாடு பச்சை இறால் இறக்குமதியையே நிறுத்தி வைத்தது. கிரேஃபிஷ், நண்டு, கலர் இறால் வளர்க்கிற நேயர்களே, உங்க தொட்டிக்குள்ள மார்க்கெட் இறாலைப் பச்சையா நறுக்கிப் போட வேண்டாம்.

அடுத்தது ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கார், அரோவானா வச்சிருக்கிறவங்களுக்கு. 1932 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் சாஸ்டெக் என்பவருடைய பண்ணையில் நரிகள் வாதம் வந்து சாக ஆரம்பிச்சது. ரோமத்துக்காக வளர்த்த நரிகள். தீனி, பச்சைக் கெண்டை மீன். தேடிப் பார்த்தப்போ, கெண்டை இனத்து மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு என்சைம் இருக்கிறது தெரிஞ்சது. தையமினேஸ்னு பேரு. சமைச்சா அது அழியும், உறைய வைச்சா அழியாது. இன்னும் சொன்னா, ஃப்ரீசருக்குள்ள கிடக்கிற காலத்துலயும் மெதுவா வேலை செய்யும். ஆக, மலிவா கிடைக்குதேன்னு கண்மாய்க் கெண்டைப் பொடியை வாங்கி ஃப்ரீசர்ல போட்டு, ஆறு மாசத்துக்கு அது மட்டுமே போட்டீங்கன்னா, வயிறு நிறைஞ்ச மீன் வைட்டமின் இல்லாம சாகும்.

கடைசியா, உங்களுக்கே ஒரு எச்சரிக்கை. பிளட்வேர்மோட அந்தச் சிவப்பு, ஹீமோகுளோபின், சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும். 1980-களில் ஜெர்மன் மருத்துவ ஆய்வாளர்கள் மீன் தீனித் தொழிலாளர்களிடமும் மீன் வளர்ப்பவர்களிடமும் இதைப் பதிவு செய்தார்கள். கண் எரிச்சல், தும்மல், ஆஸ்துமா வரைக்கும் போகலாம். காய்ஞ்ச புழுத் தூள் காத்துல பறக்கிறதால இன்னும் மோசம். வெறுங்கையால எடுக்காதீங்க, ஒரு சின்ன இடுக்கி போதும். தொட்ட கையால கண்ணைத் தேய்க்காதீங்க.

கரண்ட் போன ராத்திரி

இப்போ பஸ்ஸுக்கு வருவோம். 2012-ஐ மதுரைப் பக்கத்துக்காரங்க மறந்திருக்க மாட்டீங்க. சென்னையில ரெண்டு மணி நேரம் கரண்ட் போனா, மத்த மாவட்டங்கள்ல பாதி நாளே இருட்டு. அந்த வருஷம் எந்தக் கடை ஃப்ரீசர்ல இருந்த கட்டியும் ஒரே கட்டியா இருந்திருக்காது. உருகி, உறைஞ்சு, மறுபடி உருகி, மறுபடி உறைஞ்சு. ஒவ்வொரு முறை உருகும்போதும் தூங்கின பாக்டீரியா எழுந்து பெருகும். ஒவ்வொரு முறை மெதுவா உறையும்போதும் பெரிய படிகம் மிச்ச செல்களையும் கிழிக்கும். கடைசியில அட்டையில இருக்கிறது புழு இல்ல, புழுச் சாறு. பேர்ட்ஸ்ஐ எந்திரத்துல வேகமா உறைய வைச்சு என்ன பிரயோஜனம்?

இப்போ மின்வெட்டு அவ்வளவு இல்ல. ஆனா வழி நீளம். வெளிநாட்டு ஆலை, துறைமுகம், மொத்த வியாபாரி, மதுரைக் கடை, உங்க பை. அதனால கடையில நின்னு பார்க்க வேண்டியது இவ்வளவுதான்.

அட்டையைத் திருப்பிப் பாருங்க. ஒவ்வொரு குழியும் தனித்தனியா, ஓரம் கூர்மையா இருக்கணும். கட்டிகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒரு பக்கமா சரிஞ்சு உறைஞ்சிருந்தா, அது ஒரு தடவை உருகினது. அட்டைக்கு உள்ளே வெள்ளை வெள்ளையா பனிப்பூ பூத்திருந்தாலும் சந்தேகம்தான். நிறம் சிவப்பிலிருந்து பழுப்பாகியிருந்தா வச்சுட்டு வந்துடுங்க. தயாரிச்ச தேதியும், எங்கே தயாரிச்சதுன்னும் இருக்கணும். காமா கதிர் பாய்ச்சியதுன்னு சில அட்டையில இருக்கும். அது கிருமியைக் குறைக்கிற ஒரு முறை, கதிர் தீனியில தங்காது, பயப்பட வேண்டாம். கடைக்காரர்கிட்ட ராத்திரி ஃப்ரீசரை அணைக்கிறாங்களான்னு தயங்காம கேளுங்க.

வீட்டுக்கு வந்ததும் ஒரு கட்டியைக் கப்புல, தொட்டித் தண்ணியிலேயே உருக விடுங்க. புழு முழுசு முழுசா பிரிஞ்சு நின்னா நல்ல சரக்கு. தண்ணி கருஞ்சிவப்பாகி, வெறும் தோல் மட்டும் மிதந்தா, அந்த அட்டை தேறாது. டீ வடிகட்டியில வடிச்சு, சாறைக் கொட்டிட்டு, புழுவை மட்டும் போடுங்க. மிச்சமானதை மறுபடி ஃப்ரீசர்ல வைக்காதீங்க. பஸ்ல கொண்டு வர தெர்மோகோல் டப்பா, சுத்தி ஐஸ் பை. டியூடர் நாலு மாசம் காப்பாத்தினதை நாம ஒரு மணி நேரம் காப்பாத்த முடியாதா என்ன?

எந்த மீனுக்கு எதுன்னா: ஃபைட்டர், கப்பி, டெட்ராவுக்கு பிரைன் ஷ்ரிம்ப்பும் டாஃப்னியாவும் அடிக்கடி, பிளட்வேர்ம் வாரத்துல ஓரிரு நாள். கோல்ட்ஃபிஷ் எல்லாம் தின்னும், அதுக்குச் செடித் தீனி அதிகம் வேணும், ஃப்ரோசன் கொஞ்சம் போதும். ஃப்ளவர்ஹார்னுக்கு நல்ல பெல்லட்தான் சாப்பாடு, ஃப்ரோசன் தொட்டுக்க. எதுவும் தனி ஒண்ணா வேண்டாம். வீட்டு ஃப்ரீசர்ல இதுக்குன்னு மூடி போட்ட ஒரு தனி டப்பா வையுங்க, ஐஸ்கிரீம் எடுக்க வர்ற தங்கச்சி அலறாம இருக்க.

இவ்வளவும் பார்த்து, மதுரையில நம்பகமான ஃப்ரீசர் கிடைக்கலைன்னா? அப்போ வாங்காதீங்க. மூணு தடவை உருகின பிளட்வேர்மைவிட, தேதி போட்ட நல்ல பெல்லட் எவ்வளவோ மேல். மொட்டை மாடியில ஒரு பழைய பக்கெட், கொஞ்சம் புண்ணாக்கு, ஒரு கப் மொய்னா கிடைச்சா, வலையால மூடிக் கொசு முட்டை போடாம பார்த்துக்கிட்டு, நீங்களே வளர்க்கலாம். எங்கே பிறந்ததுன்னு உங்களுக்குத் தெரியும், எந்தக் கரண்டையும் நம்பி இருக்காது.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். உங்க ஊர்ல மீனுக்குத் தாத்தா பாட்டி காலத்துல என்ன தீனி போட்டாங்கன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, குரல் பதிவு அனுப்புங்க.